பொருள்: கேட்ட டொமைனைக் கொடுக்காமல் வேறொன்றை விற்றது, பணத்தைத் திருப்பித் தர மறுப்பது

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஆட்களிடம் பேசிப் பேசி ஓய்ந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன்.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் எங்கள் அறக்கட்டளையின் இணைய முகவரிக்கு டாட் ஆர்க் (.org) என்று முடியும் டொமைன் பெயரைக் கேட்டோம். "80ஜி வரிச்சலுகைச் சான்றிதழ் இருந்தால்தான் அது கிடைக்கும், உங்களுக்கு டாட் என்ஜிஓதான் சரி" என்று சொல்லி, கூடுதல் விலைக்கு டாட் என்ஜிஓவையும் (.ngo) அதோடு சேர்த்து டாட் ஓஎன்ஜியையும் (.ong) எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள்.

டொமைன் விற்பதுதானே உங்கள் தொழில்? 1985 முதல் இருக்கும் டாட் ஆர்க்கை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், ஒரு சான்றிதழும் வேண்டாம் என்பது உங்களுக்குத் தெரியாதா? தொண்டு நிறுவனம் என்று நிரூபிக்கச் சொல்வது டாட் என்ஜிஓவுக்குத்தான். அதையும் பணம் கட்டிய பிறகே சொன்னீர்கள். டிரஸ்ட் பத்திரம் அனுப்பினால் தமிழில் இருக்கிறது என்றீர்கள். மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்தோடு அனுப்பினோம், பதிலே சொல்லாமல் எங்கள் புகார் டிக்கெட்டை மூடிவிட்டீர்கள்.

எங்கள் பொருளாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ராத்திரி பஸ் பிடித்து உங்கள் சென்னை அலுவலகத்துக்கு வந்தவரை, "எல்லாம் ஆன்லைன்லதான்" என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் போனில் ஒருவர், "டிரஸ்டுன்னா எல்லாம் ஓசியிலயே வேணுமா சார்?" என்றார். நாங்கள் ஓசியில் எதையும் கேட்கவில்லை. முழுப் பணமும் கட்டியிருக்கிறோம். அந்த அழைப்பின் பதிவு உங்களிடம் இருக்கும், தயவுசெய்து ஒருமுறை கேளுங்கள்.

வாங்கிய மறுநாளே ரத்து செய்யச் சொல்லி மெயில் அனுப்பினோம். புதுப் பெயரை ஐந்து நாளுக்குள் நீக்கினால், அந்த டொமைன்களை நிர்வகிக்கும் பதிவகம் அந்தத் தொகையை உங்களுக்கே திருப்பித் தரும். அந்த நாட்களை நீங்கள் வேண்டுமென்றே கடத்தினீர்கள். ரசீது புத்தகம், பேனர் எல்லாவற்றிலும் திறக்காத முகவரியை அச்சடித்துவிட்டு நிற்கிறோம். இந்த வருஷ நன்கொடையே போய்விட்டது.

இன்னும் உங்களை நம்பியே கேட்கிறேன். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது அதே தொகையில் டாட் ஆர்க்கை அறக்கட்டளையின் பெயரில் பதிந்து கொடுங்கள். உங்கள் கம்பெனி பெயரில் பதியக் கூடாது. பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும், டொமைன் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகேன் (ICANN) அமைப்பிலும் புகார் கொடுப்போம். பில், மெயில் நகல்கள் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
செயலாளர்