ஆண்டறிக்கை 2023–24: செயலாளர் சமர்ப்பிப்பது

தலைவர், பொருளாளர், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், அறிக்கையை அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். நீல டிக் விழுகிறதா என்று பார்ப்பேன்.

பொங்கல் கோலப்போட்டி, சுதந்திர தினக் கொடியேற்றம், கண் பரிசோதனை முகாம், பத்தாம் வகுப்பில் முதல் மூன்று இடம் வந்த பிள்ளைகளுக்குப் பரிசு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வாசகசாலைக் கூரையில் ஒழுகிய ஓடுகளை மாற்றினோம்.

அடுத்து, டிசம்பர் 23 அன்று நம் மன்றம் நடத்திய கக்கன் நினைவுக் கண்காட்சி. இதைப் பற்றித் தெருவில் பலவிதமாகப் பேச்சு இருப்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

தும்பைப்பட்டி நமக்குப் பக்கத்து ஊர். அங்கே பிறந்த கக்கன் பத்தாண்டு மாநில அமைச்சராக இருந்தார் என்பதே நம் பள்ளிப் பிள்ளைகள் பாதிப்பேருக்குத் தெரியவில்லை. அதனால்தான் பன்னிரண்டு பலகைகள் வைத்தோம். 1939 ஜூலை 8-இல் மதுரை காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயரோடு மீனாட்சியம்மன் கோவிலுக்குள் நுழைந்தவர்களில் கக்கனும் ஒருவர் என்பது முதல் பலகை. அந்த வாசல் அதுவரை கக்கன் பிறந்த தலித் சமூகத்துக்குத் திறந்ததில்லை. 1952-இல் மதுரையிலிருந்து மக்களவைக்குப் போனார். 1957-இல் காமராஜர் அமைச்சரவையில் பொதுப்பணித்துறை அமைச்சரானார். வைகை அணை 1959-இல் திறந்தபோது அந்தத் துறை அவரிடம்தான் இருந்தது. கால்வாயில் கள்ளந்திரி தாண்டித் தண்ணீர் வருமா, வராதா என்று வருஷாவருஷம் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருபோகப் பாசனக்காரர்கள் நாம். 71 அடி அணைக்கு மட்டும் ஒரு பலகை முழுதும் கொடுத்ததை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

பிளெக்ஸ் கடையில் 1957 என்பதை 1975 என்று அடித்துவிட்டார்கள். அந்த வருஷம் கலைஞர் முதல்வர். அதாவது கக்கனைத் தி.மு.க. அமைச்சராக்கிவிட்டது அந்தப் பலகை! மறுபடி அடிக்கப் பொருளாளர் பணம் தர மறுத்தார், அவர் பக்கமும் நியாயம் உண்டு. இரவு பத்து மணிக்குத் தாளில் எண்களைக் கத்தரித்து நானே ஒட்டினேன். கொஞ்சம் கோணலாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

1965 பற்றிய பலகை வேண்டாம் என்று செயற்குழுவில் ஒருவர் சொன்னார். நான் விடவில்லை. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டபோது பக்தவத்சலம் அமைச்சரவையில் உள்துறை கக்கனிடம் இருந்தது. கைநீட்டிக் காசு வாங்காத மனுஷர் என்று ஒரு பலகையில் எழுதிவிட்டு, இதை எழுதாமல் விட்டால் பார்க்க வருகிறவர்கள் நம்மை என்ன நினைப்பார்கள்? 1967 தேர்தலில் நம் மேலூர்ப் பக்கமே அவரைத் தோற்கடித்தது. அதையும் போட்டேன்.

கடைசிப் பலகைக்கு முன்தான் ஜனம் நின்றது. பதவி போனபின் டவுன் பஸ்ஸில் போய்வந்தவர், மதுரை அரசு மருத்துவமனையில் பொது வார்டில் கிடந்தார். வேறொருவரைப் பார்க்க வந்த எம்.ஜி.ஆருக்கு, முன்னாள் அமைச்சர் ஒருவர் இங்கே இருப்பது அங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. 1981 டிசம்பர் 23-இல் கக்கன் காலமானார். இதை வாசித்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "மந்திரிக்கு வீடு இல்லையா சார்?" என்று கேட்டான். அவனுக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை.

இவ்வளவும் நடந்த அன்று நம் உறுப்பினர்கள் எத்தனை பேர் வந்தார்கள்? பதினான்கு பேர். நாற்காலி போட்டது 60. பள்ளிப் பிள்ளைகள் வரவில்லையென்றால் மைக் செட்டுக்காரரும் நானும்தான். கல்யாண சீசன் என்றார்கள் சிலர். மார்கழியில் எந்தக் கல்யாணம் என்று நான் கேட்கவில்லை.

கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகம். இடைவெளியை இப்போதைக்கு ஒருவர் சமாளித்திருக்கிறார், பெயர் வேண்டாம். கண்காட்சிக்காக மன்றப் பணம் கரைந்துவிட்டது என்று டீக்கடையில் பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பலகைச் செலவைவிடச் சந்தா பாக்கி பெரிது. 82 உறுப்பினர்களில் முழுச் சந்தா கட்டியவர்கள் 31 பேர். மூன்று வருஷ பாக்கிக்காரர் ஒருவர்தான் தணிக்கை வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவர். வேண்டியதுதான், செய்வோம்.

இடம் கொடுத்த பள்ளித் தலைமையாசிரியர், பந்தல்காரர், புகைப்படங்கள் தந்தவர்கள், தேநீர் வழங்கிய மகளிர் குழுவினர் எல்லோருக்கும் மன்றத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு புதிய செயலாளரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. யாரும் முன்வராவிட்டால் சரி, நானே பார்த்துக்கொள்கிறேன். பலகைகளைச் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குக் கொண்டுபோக ஒரு மினி வேன் வாடகை தேவைப்படும், அந்த 1957-ஐயும் ஒழுங்காக அடிக்க வேண்டும். ரசீதுப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்