வெள்ளிக்கிழமை இரவுச் செய்தியும் ஐந்து கிலோ பட்டாணியும்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கும், மழைக்காலத்தில் திரையின் அடியில் ஓடும் வரிகளை எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் மடிப்பாக்கத்தில் வசிப்பவள். தனியார் நிறுவனமொன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வாரத்தின் ஐந்து நாட்களில் தள்ளிப்போட்ட வேலைகள் அத்தனையும் சனி, ஞாயிறு என்ற இரண்டு நாட்களுக்குள் வந்து விழும் குடும்பம் எங்களுடையது. மாவு அரைப்பது, மாமியாரைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது, மகளை ஒருமுறையாவது வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குக் கூட்டிப்போவது, உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குக் காஞ்சிபுரம் போய் வருவது என எல்லாவற்றுக்கும் நாங்கள் முடிவெடுக்கும் நேரம் வெள்ளிக்கிழமை இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு. அந்த நேரத்தில் எங்கள் கூடத்தில் உங்கள் தொலைக்காட்சிகளில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அந்த முடிவுகளை எங்களைவிட நீங்களே அதிகம் எடுக்கிறீர்கள் என்பதால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

கடந்த வடகிழக்குப் பருவமழையின்போது ஒரு வெள்ளிக்கிழமை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு தொலைக்காட்சியில், சிவப்புப் பின்னணியில் 'சென்னையை மிரட்ட வரும் அடுத்த ஆபத்து' என்ற வரி இரவு ஏழு மணி முதல் ஓடியது. பின்னால் இடுப்பளவு நீரில் மிதக்கும் கார்கள் தெரிந்தன. அந்தக் காட்சி எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று எங்கும் குறிப்பில்லை. கூர்ந்து பார்த்த என் மகள்தான், 'இது 2023-இல் நம் பள்ளிக்கரணையில் எடுத்ததும்மா' என்றாள். மாமியார் அதற்குள் காஞ்சிபுரம் பயணத்தை ரத்து செய்துவிட்டிருந்தார். கீழ்வீட்டுக்காரர் மறுநாளைக்கும் சேர்த்துப் பால் வாங்கக் கடைக்கு ஓடினார். பால் தீர்ந்துவிட்டதென்று இரண்டு ரொட்டிப் பொட்டலங்களோடு திரும்பி வந்தார். நான் கைபேசியில் வானிலை ஆய்வு மையத்தின் அன்றைய அறிக்கையைத் திறந்து பார்த்தேன். வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாக வாய்ப்பிருப்பதாகவும், சென்னையில் வானம் பொதுவாக மேகமூட்டத்துடன் காணப்படும், நகரின் ஒருசில பகுதிகளில் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும் என்றும் அதில் இருந்தது. புயல் என்ற சொல்லே அந்த அறிக்கையில் இல்லை. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஒரு தூறல் விழுந்தது. மொட்டைமாடியில் உலர்த்தியிருந்த துணியைக்கூட நான் எடுக்கவில்லை.

நிச்சயதார்த்தத்துக்குப் போகாமல் விட்டது பெரிய இழப்பன்று. உறவினர்கள் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள், பிறகு சரியாகிவிடும். எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும் ஒரு பெரியவரின் கணக்கு அப்படிச் சரியாவதில்லை. அவர் பெசன்ட் நகர்க் கடற்கரையில் தேங்காய், மாங்காய், பட்டாணி சுண்டல் விற்பவர். வாரத்தின் மற்ற ஐந்து நாட்களில் விற்பதைக் காட்டிலும் சனி, ஞாயிறு மாலைகளில் விற்பதே அதிகம் என்பார். காய்ந்த பட்டாணியை முந்தைய இரவே ஊறவைத்தால்தான் மறுநாள் நண்பகலில் வேகவைத்து, நான்கு மணிக்குள் மணலில் நிற்க முடியும். ஆகவே சனிக்கிழமை மழை வருமா என்பதை அவர் வெள்ளிக்கிழமை இரவே அறிந்தாக வேண்டும். ஊறவைத்து மழை வந்தால் ஐந்து கிலோ பட்டாணி வீண். அவர் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. ஊறவைக்காமல் மழை வராமல் போனால் வாரத்தின் பெரும்பகுதி வருமானம் வீண். நான் சொன்ன அந்த வெள்ளிக்கிழமை அவர் உங்கள் திரையை நம்பி ஊறவைக்காமல் இருந்தார். சனிக்கிழமை மாலை, கூட்டம் நிரம்பிய கடற்கரையைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு வந்து, 'ஏம்மா, மழை எங்கம்மா போச்சு?' என்று என்னிடம் கேட்டார். அலுவலகத்தில் கணினி முன் உட்காரும் எனக்கு வானிலையும் தெரிந்திருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை.

வானிலைக் கணிப்பு தவறக்கூடாது என்று நான் கேட்கவில்லை. 2024 அக்டோபரில் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, வேளச்சேரி மேம்பாலத்தின் இருபுறமும் மக்கள் கார்களை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அஞ்சிய அளவுக்கு 16-ஆம் தேதி மழை பெய்யவில்லை. தாழ்வு மண்டலம் 17-ஆம் தேதி அதிகாலையில் சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்தது. அந்தக் கார்களைக் காட்டிச் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வண்டியைத் தண்ணீரில் விட்டு, பிறகு பழுதுபார்க்கும் கடையில் மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அந்த எச்சரிக்கை தன் கணிப்பையும், அது எவ்வளவு உறுதியானது என்பதையும் நேர்மையாகச் சொல்லி, பின்னர் மாறியது. அறிக்கையில் இல்லாத ஒன்றை, இருப்பதைப்போல் நீங்கள் சேர்ப்பது வேறு வகை.

உங்கள் வரிகளில் முதலில் தொலைந்துபோவது சொற்களின் அளவு. வானிலை அறிக்கையில் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஓர் எண் நிற்கிறது. கனமழை என்றால் ஏறத்தாழ 7 முதல் 11 சென்டிமீட்டர், மிக கனமழை என்றால் 12 முதல் 20, அதி கனமழை என்றால் அதற்கும் மேல். 'ஓரிரு இடங்களில்' என்பது எழுதியவர் தயங்கிச் சொன்ன சொல்லன்று. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்பங்குக்கு மேற்படாதவற்றில் மட்டுமே மழை பதிவாகும் என்பது அதன் பொருள். அதற்கு மேல் 'ஒருசில இடங்களில்', 'அநேக இடங்களில்', 'பெரும்பாலான இடங்களில்' என்று படிப்படியாக ஏறும். மஞ்சள் கவனித்திருக்கச் சொல்கிறது, ஆரஞ்சு ஆயத்தமாக இருக்கச் சொல்கிறது, சிவப்பு நடவடிக்கையில் இறங்கச் சொல்கிறது. தாழ்வுப் பகுதி தாழ்வு மண்டலமாகி, ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகி, காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் அது புயல். இவ்வளவையும் எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஒரே மாலையில் கற்றுக்கொண்டாள். 'ஓரிரு இடங்களில் கனமழை' என்ற அறிக்கை உங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்து 'கொட்டித் தீர்க்கப்போகும் பேய்மழை' என்று வெளியே வரும்போது, அந்த அளவுகோல் முழுவதும் நடுவழியில் முறிந்துபோகிறது.

எஸ்.ஆர்.ரமணன் அவர்கள் சென்னை வானிலை மையத்தில் பணியாற்றிய காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அவர் தோன்றினால் நாளைக்குப் பள்ளி விடுமுறை என்று குழந்தைகள் துள்ளினாலும், அவர் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தியதாக எனக்கு நினைவில்லை. அடுத்த 24 மணி நேரம், இந்த மாவட்டங்கள், இந்த அளவு என்று வங்கி எழுத்தர் கையிருப்பைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போவார். மக்கள் அவரை நம்பினார்கள், அவரை வைத்து நகைச்சுவையும் செய்தார்கள். இரண்டும் ஒரே அன்பிலிருந்து வந்தவை. இன்று ராடார் படத்தைப் போட்டு, மேகம் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று சமூக ஊடகங்களில் விளக்கும் தன்னார்வலர்களுக்கு அந்த நம்பிக்கையின் ஒரு பகுதி போய்ச் சேர்ந்திருக்கிறது. தங்கள் கணிப்பு தவறினால் மறுநாளே அவர்களில் பலர் அதை எழுதிவிடுகிறார்கள்.

ஏரிச் செய்திக்கும் இதே கதிதான். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நீர்மட்டம் உயரும்போது முன்னெச்சரிக்கையாக முதலில் வினாடிக்கு நூறு கன அடி திறப்பதுண்டு. 2015 டிசம்பர் முதல் நாள் இரவு வெளியேறிய நீர் வினாடிக்கு 29,000 கன அடி. இரண்டுக்கும் ஒரே எழுத்தளவில், ஒரே அவசர இசையோடு 'செம்பரம்பாக்கம் திறப்பு' என்று போட்டால், அடையாற்றங்கரையில் அந்த இரவைக் கண்டவர்களுக்கு நெஞ்சு என்ன பாடுபடும் என்று எண்ணிப்பாருங்கள். என் அலுவலகத் தோழி ஒருவர், ஜாபர்கான்பேட்டையில் குடியிருப்பவர், அந்தத் தலைப்பைப் பார்த்த இரவுகளில் குழந்தைகளின் சான்றிதழ்களைப் பரணில் ஏற்றிவிட்டுத்தான் படுக்கிறார்.

இனி, என்னை உண்மையிலேயே வருத்தியதைச் சொல்கிறேன். என் பிறந்த வீடு விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. 2024 நவம்பர் 30, ஒரு சனிக்கிழமை. ஃபெங்கல் புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. சென்னையில் காலையிலிருந்தே நல்ல மழை. விமான நிலையம் மூடப்பட்டது. உங்கள் செய்தியாளர்கள் மெரினாவிலும் பட்டினப்பாக்கத்திலும் குடை பறக்க நின்றார்கள். அது தேவையான செய்திதான். ஆனால் புயல் அன்றிரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறி, நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. மறுநாள் காலைக் கணக்கில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர், புதுச்சேரியில் ஏறத்தாழ 49. ஞாயிறு காலை நான் அண்ணனைத் தொலைபேசியில் பிடிக்க முயன்று, இணைப்புக் கிடைக்காமல், ஒவ்வொரு தொலைக்காட்சியாக மாற்றிக்கொண்டிருந்தேன். நான் பார்த்தவரை, வேளச்சேரியில் கணுக்கால் அளவு நீர் வடிந்துகொண்டிருந்ததே பெரிய செய்தியாக ஓடியது. அன்று மாலை திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் புதையுண்டார்கள். சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீரால் தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பர் 17-உம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அந்த ஒரு நாள் மழையில் காயல்பட்டினத்தில் பதிவானது 95 சென்டிமீட்டர். சென்னையில் தூறலுக்கு எழுப்பிய அதே குரலைக் காயல்பட்டினத்துக்கும் எழுப்ப முடியும். அதற்கு மேல் எழுப்ப உங்களிடம் குரல் மீதமில்லை.

சென்னைக்குள்ளேயும் இடம் என்பது ஒன்றன்று. மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். எண்ணூரில் கொட்டும்போது சோழிங்கநல்லூரில் வெயில் அடிப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். 'சென்னையில் வெளுத்து வாங்கும் மழை' என்று நீங்கள் போடும்போது, வெளுத்து வாங்கப்படுவது எந்தப் பேட்டை என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். பழைய காட்சியைக் காட்டினால் அதன் ஆண்டைத் திரையிலேயே போடுங்கள். அறிக்கையின் சொற்களை அப்படியே படியுங்கள். உங்களுக்குப் பிடித்த பேய்மழையை அதன் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள், நாங்கள் வடிகட்டிக்கொள்கிறோம். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரைக்கான கணிப்பு என்பதை விடாதீர்கள். மாலை நான்கு மணிக்கு மணலில் நிற்க வேண்டியவருக்கு, காலை பத்து மணி வரைக்கான எச்சரிக்கை மாலையிலும் ஓடிக்கொண்டிருப்பதால் பயனில்லை.

இவற்றைவிட நான் அதிகம் விரும்புவது ஒன்றுண்டு. நான் கணக்குப் பிரிவுக்காரி என்பதால் தோன்றிய ஆசையாக இருக்கலாம். மழை அளவு காலை எட்டரை மணி முதல் மறுநாள் காலை எட்டரை மணி வரை கணக்கிடப்படுகிறது. எட்டரைக்குப் பிறகு எந்த ஊரில் எத்தனை சென்டிமீட்டர் என்ற பட்டியல் உங்களுக்கும் வந்துவிடுகிறது. அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில், முந்தைய இரவு உங்கள் திரையில் நீங்கள் போட்ட தலைப்பை வைத்து, இரண்டு நிமிடம் காட்டுங்கள். வரவு ஒருபுறம், செலவு ஒருபுறம். அறிக்கை தவறியிருந்தால் அறிக்கை தவறியது என்று சொல்லுங்கள். தலைப்பு தவறியிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஒரு பருவமழைக்காலம் முழுவதும் இதைச் செய்கிற தொலைக்காட்சி எதுவாக இருந்தாலும், எங்கள் மாமியாரின் தொலையியக்கியை அதை விட்டு நகராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

இதை எழுதும் இன்றும் வெள்ளிக்கிழமைதான். மேகம் கூடியிருக்கிறது. மகள் நாளை வண்டலூர் போக உடைகூட எடுத்து வைத்துவிட்டாள். இரவு எட்டரை மணிக்கு அந்தப் பெரியவர் எங்கள் வாசலுக்கு வந்து, பட்டாணியை ஊறவைக்கலாமா என்று கேட்பார். அதற்குள் உங்கள் ஏழு மணிச் செய்தி முடிந்திருக்கும்.

இப்படிக்கு,
மடிப்பாக்கத்திலிருந்து ஒரு நேயர்