பழைய பெல்ட்டைப் பாத்து காப்பி அடிச்சா பழைய தப்பும் கூடவே வரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க வண்டிப் பக்கத்துல டைமிங் பெல்ட் (பிஸ்டனோட சேந்து கீழ சுத்தற கிராங்க் தண்டையும், வால்வைத் தெறந்து மூடற கேம் தண்டையும் ஒண்ணா ஓட வெக்கற பல்லு வெச்ச பெல்ட்) மாத்தறது பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நடுவுல ஒரு இடத்துல பழைய பெல்ட்டுலயும் ஸ்ப்ராக்கெட்டுலயும் (பெல்ட் ஓடற பல்லு சக்கரம்) வெள்ளை பெயிண்ட் வெச்சுக்கோங்க, பல்லை எண்ணி அதே மாதிரி புது பெல்ட்டுலயும் வெச்சு அப்படியே மாட்டிடுங்க, வேலை முடிஞ்சுதுன்னு போட்டிருந்தீங்க பாருங்க, அதைப் படிச்சதும் எனக்கு பக்குனு ஆயிடுச்சு. அச்சு அசலா அப்படியே செஞ்சுட்டு மூணு மாசம் மண்டைய பிச்சுக்கிட்டவன் நான்.

என் வண்டி பழைய வண்டியா வாங்கினது, நாலு சிலிண்டர் பெட்ரோல், ஒரே கேம்தான், அதனால இதெல்லாம் நாமளே பண்ணிக்கலாம்னு இறங்கிட்டேன். பெயிண்ட் வெச்சேன், பல்லை ரெண்டு தடவ எண்ணினேன், மாட்டினேன், மொத செல்ஃப்லயே ஸ்டார்ட் ஆச்சு, அன்னிக்கு என் நெஞ்சு நிமிர்ந்ததைப் பாக்கணுமே! ஆனா ஐட்லிங்ல லேசா ஒரு உதறல், கீழ் ஆர்பிஎம்ல இழுவையே இல்ல, மேட்டுல ஏறும்போது ஒரு கியர் கொறைச்சாதான் நகரும், செக் எஞ்ஜின் லைட்டும் அப்பப்ப எரியும். வாங்கின நாள்லேருந்தே வண்டி இப்படித்தான்ங்கறதால பெல்ட் மேல சந்தேகமே வரல. பிளக் மாத்தினேன், ஃபில்டர் மாத்தினேன், எஞ்ஜினுக்குக் காத்து விடற த்ராட்டில் பாடிய மூணு தடவ கழுவினேன், பெட்ரோலைத் திட்டினேன். கடைசியா தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் ஸ்கேனரை மாட்டினார், பி0016னு வந்துச்சு, அதாவது கிராங்க் சொல்ற கணக்கும் கேம் சொல்ற கணக்கும் ஒத்துப்போகல. மேல் கவரைக் கழட்டி கிராங்கை சுத்தி மார்க்குக்கு கொண்டு வந்துட்டு என்னைப் பாத்தார், "தம்பி, கேம் ஒரு பல்லு பின்னாடி நிக்குது, எத்தனை நாளா இப்படி ஓட்டுறே?"

எனக்கு முன்னாடி எங்கயோ யாரோ ஒரு பல்லு தப்பா மாட்டியிருக்காங்க, நான் அந்தத் தப்பை பெயிண்ட் வெச்சு ரொம்ப சுத்தமா புது பெல்ட்டுக்கு மாத்தியிருக்கேன். இதைத்தான் சொல்ல வரேன், பழைய பெல்ட் எப்படி இருந்துச்சுங்கறதுக்குத்தான் பெயிண்ட் சாட்சி, அது சரியா இருந்துச்சுங்கறதுக்கு இல்ல. அதுக்கு சாட்சி ஸ்ப்ராக்கெட்டுல கம்பெனிக்காரன் போட்ட மார்க்கும் எஞ்ஜின் பாடியில அதுக்கு எதிர்ல இருக்கற மார்க்கும்தான்.

ஒரு பல்லுதானேன்னு சாதாரணமா நெனைக்காதீங்க. கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து, அதனால கேம் ஸ்ப்ராக்கெட்டுல பல்லு ரெண்டு மடங்கு இருக்கும். கிராங்க்ல 20 பல்லுன்னா கேம்ல 40. அப்போ ஒரு பல்லு தள்ளினா கேம் 9 டிகிரி, கிராங்க் கணக்குல 18 டிகிரி. கேம் பின்தங்கினா கீழ் ஆர்பிஎம்ல இழுவை போகும், முந்தினா மேல் ஆர்பிஎம்ல மூச்சு வாங்கும். ஒரு பல்லோட போச்சுன்னா பெரும்பாலும் இந்த அளவுதான், ரெண்டு மூணு பல்லு தள்ளி, அதோட வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துல மாத்தி மாத்தி வந்து போற வகை எஞ்ஜினா இருந்துச்சுன்னா வால்வு வளைஞ்சு எஞ்ஜின் ஹெட்டையே கழட்ட வேண்டியதுதான்.

இந்த ரெண்டுக்கு ஒண்ணு கணக்குலயே இன்னொரு பொறியும் இருக்கு. கிராங்க் மார்க் ஒவ்வொரு சுத்துலயும் நேரா வந்து நிக்கும், கேம் மார்க் ரெண்டு சுத்துக்கு ஒருதடவதான் வரும், அதனால கிராங்கை மட்டும் பாத்து டைமிங் வந்துருச்சுன்னு பெல்ட்டைக் கழட்டினா கேம் அரை சுத்து அந்தப் பக்கம் இருக்கலாம். மொதல்ல கேமைப் பாக்கணும், அப்புறம்தான் கிராங்க். அதுவும் கிராங்க்ல எந்த மார்க்? வெளிய தெரியற புல்லியில இருக்கற கோட்டை நம்பாதீங்க, நெறைய வண்டில அந்தப் புல்லி நடுவுல ரப்பர் வெச்சதா இருக்கும், ரப்பர் விட்டுப்போச்சுன்னா வெளி வளையம் நகர்ந்து கோடே பொய் சொல்லும். புல்லியக் கழட்டிட்டு உள்ள இருக்கற ஸ்ப்ராக்கெட் மார்க்கைத்தான் பாக்கணும். அதுலயும் சுபாரு இஜே எஞ்ஜின்ல கிராங்க் ஸ்ப்ராக்கெட்டுல அம்புக்குறி பளிச்சுனு தெரியும், ஆனா பெல்ட் மாட்டறதுக்கு அது இல்ல, ஓரத்துல ஒரு பல்லுல இருக்கற சின்னக் கோடுதான், எத்தனையோ பேர் அம்புக்குறியப் பாத்து ஏமாந்திருக்காங்க. அந்த வண்டிக்குன்னு இருக்கற சர்வீஸ் மேனுவலை மொதல்ல படிங்கன்னு ஒரு வரி நீங்க போட்டிருக்கலாம்.

இப்போ கட்டுரையில சுத்தமா விட்டுப்போன விஷயம், லூஸ் எந்தப் பக்கம் இருக்கணும்ங்கறது. அன்னிக்கு அந்த அண்ணன் என் கையாலயே மறுபடி மாட்ட வெச்சார். மார்க் ரெண்டும் நூல் புடிச்ச மாதிரி நேரா இருந்துச்சு, பெல்ட்டை மாட்டிட்டு, அதை இறுக்கிப் புடிக்கற டென்ஷனரை விட்டேன், கேம் டக்னு ஒரு சின்ன நகர்வு, பாத்தா மார்க் அரைப் பல்லு தள்ளிப்போச்சு. டென்ஷனர் இல்லாத பக்கத்துல நான் பெல்ட்டைக் கொஞ்சம் தொளதொளன்னு விட்டிருக்கேன், டென்ஷனர் அந்த லூஸை இழுக்கும்போது கேமையும் சேத்து இழுத்துடுச்சு. கிராங்க்லேருந்து ஆரம்பிச்சு, டென்ஷனர் இல்லாத பக்கமா விறைப்பா மேல கொண்டு போய் கேம்ல மாட்டி, கடைசியாத்தான் டென்ஷனர் பக்கம் வரணும், இருக்கற லூஸ் எல்லாம் அங்க வந்து சேரணும். எனக்கு மூணாவது தடவதான் சரியா வந்துச்சு.

அப்புறம் நீங்க வேலை முடிஞ்சுதுன்னு எழுதின இடத்துலதான் முக்கியமான வேலையே ஆரம்பிக்குது. ஸ்பார்க் பிளக்கை எல்லாம் கழட்டிட்டு கிராங்க் போல்ட்டுல ராட்செட் போட்டு, எஞ்ஜின் ஓடற திசையிலயே கையால முழுசா ரெண்டு சுத்து சுத்தி, திரும்ப மார்க் எல்லாம் வந்து நிக்குதான்னு பாக்கணும். திசை முக்கியம், பெரும்பாலான எஞ்ஜின் கடிகாரச் சுத்துதான், ஆனா பழைய ஹோண்டா எஞ்ஜின் பலது அதுக்கு எதிர்த்திசையில சுத்தும். சுத்தும்போது எங்கயாவது கட்டியா நின்னுச்சுன்னா பலம் குடுத்துத் தள்ளாதீங்க, வால்வு பிஸ்டன்ல முட்டி நிக்குதுன்னு வெச்சுக்கோங்க. கையால சுத்தினா அங்கயே நின்னு நமக்கு சேதி சொல்லும், செல்ஃப் அடிச்சுப் பாத்தா சொல்றதுக்கு முன்னாடியே வளைஞ்சு போயிருக்கும். கேம் போல்ட்டைப் புடிச்சு எஞ்ஜினைச் சுத்தறதும் வேண்டாம்.

ரெண்டு சுத்து முடிஞ்சதும் ஸ்ப்ராக்கெட் மார்க் சரியா இருக்கும், ஆனா பெல்ட்டுல நீங்க வெச்ச பெயிண்ட் வேற எங்கயோ போயிருக்கும். அதைப் பாத்து பயந்து கழட்டிடாதீங்க (நான் கழட்டினேன்). கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா பெல்ட் கேம் ஸ்ப்ராக்கெட்டுல இருக்கற பல்லு அளவுதான் நகரும், பெல்ட்டுல அதைவிட நெறைய பல்லு இருக்கறதால பெயிண்ட் சும்மா ரெண்டு சுத்துல பழைய இடத்துக்கு வராது.

அதிர்வைக் கொறைக்க பேலன்ஸ் ஷாஃப்ட்னு கூடுதல் தண்டு இருக்கற எஞ்ஜின்னா இன்னும் வம்பு. மிட்சுபிஷி 4ஜி63 எஞ்ஜின்ல ஆயில் பம்ப் ஸ்ப்ராக்கெட்டுதான் ஒரு பேலன்ஸ் ஷாஃப்டையும் சுத்தும், அதோட மார்க் நேரா இருந்தும் உள்ள அந்த ஷாஃப்ட் தலைகீழா இருக்கலாம், அதனால எஞ்ஜின் பிளாக் பக்கவாட்டுல துளையை அடைச்சிருக்கற ஒரு பிளக்கைக் கழட்டி 8 மி.மீ. ஸ்க்ரூடிரைவரை உள்ள விட்டுப் பாப்பாங்க, 60 மி.மீ.க்கு மேல உள்ள போனா சரி, பாதியிலயே முட்டினா ஸ்ப்ராக்கெட்டை இன்னொரு முழு சுத்து சுத்தணும். மார்க்கே இல்லாம, தண்டு சுத்தாம பூட்டற லாக் பின் போட்டு டைமிங் வெக்கற எஞ்ஜினும் இருக்கு, அதுல பின் இல்லாம கைய வெக்கறதே தப்பு.

இன்னொண்ணு, நீங்க போட்ட படம் மேலேருந்து சாய்வா எடுத்தது. மார்க்கை அப்படிப் பாத்தா அரைப் பல்லு தள்ளித்தான் தெரியும், கண்ணு ஸ்ப்ராக்கெட்டுக்கு நேர் எதிர்ல இருக்கணும், எட்டலன்னா மொபைலை உள்ள விட்டு நேரா ஒரு போட்டோ எடுத்துப் பாக்கலாம். அடுத்த வாரம் முடிஞ்சா அந்த மாதிரி ஒரு படம் போட்டு, ரெண்டு சுத்து சுத்திப் பாக்கற விஷயத்தையும் திருத்தமா ஒரு ஓரத்துல போடுங்க, கட்டுரைய வெட்டி வெச்சுக்கிட்டு லீவு நாளுக்காக காத்திருக்கறவங்க யாராவது இருப்பாங்க.

இப்படிக்கு,
த்ராட்டில் பாடிய மூணு தடவ கழுவின உங்க வாசகன்