0.3 சதவீதம் வயலோடு சரி, ஆலைக்குள் வேறு கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மிளகுச் சாறு எடுக்கும் இயந்திரங்களைக் கொண்டே தொழிற்சணலிலிருந்து சிபிடி என்ற போதை தராத பொருளை எடுத்துவிடலாம், போதை தரும் டிஎச்சி 0.3 சதவீதத்துக்குக் கீழே இருப்பதால் சட்டச் சிக்கலும் வராது என்று உங்கள் வாசகர் பகுதியில் ஒரு கருத்து வந்திருந்தது. இயந்திரத்தைப் பற்றிச் சொன்னது பாதி சரி. அந்த 0.3 பற்றிச் சொன்னது தவறு.

சணல் என்றால் நம் பக்கத்தில் கோணிச் சாக்கும், பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பும்தான் நினைவுக்கு வரும். சிபிடி கிடைப்பது அவற்றிலிருந்து அல்ல. தொழிற்சணல் என்பது கஞ்சாச் செடியேதான், போதை குறைந்த ரகம்.

0.3 என்பது அமெரிக்கா 2018 வேளாண் சட்டத்தில் காய்ந்த செடிக்கு வைத்த வரம்பு. நம்முடைய 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் அப்படிச் சதவீதம் எதுவும் கிடையாது. செடியிலிருந்து பிரித்த பிசின் கச்சாவாக இருந்தாலும் சுத்திகரித்ததாக இருந்தாலும் பிரிவு 2 அதைச் 'சரஸ்' என்கிறது. பிரிவு 10 மாநில அரசுக்குத் தரும் அனுமதி அதிகாரத்திலும் 'சரஸ் நீங்கலாக' என்றே எழுதியிருக்கிறது. பிரிவு 14 பேசுவது நாருக்கும் விதைக்குமான சாகுபடியை. சரஸ் 1 கிலோவைத் தாண்டினாலே வணிக அளவு. குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு.

அந்த வரம்பையே ஏற்றுக்கொண்டாலும் கணக்கு ஆலைக்குள் உதைக்கும். 100 கிலோ காய்ந்த பூவில் 0.3 சதவீதம் என்றால் டிஎச்சி 300 கிராம். எத்தனால் என்ற ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்து, எத்தனாலை ஆவியாக்கி மீட்டபின் மிஞ்சும் கச்சாச் சாறு 15 கிலோ என்று வையுங்கள். அதே 300 கிராம் இப்போது 2 சதவீதம். செடி வரம்புக்குள், பாத்திரம் வரம்புக்கு வெளியே! ஆகவே இந்த இடைநிலைச் சாறுக்குப் பூட்டிய அறை வேண்டும். ஒவ்வொரு பேட்சுக்கும் வந்த எடை, சாறு, சக்கை, நட்டம் நான்கையும் பதிவேட்டில் எழுத வேண்டும். பிரித்த டிஎச்சியைச் சாட்சிகள் முன் அழிக்க வேண்டும். இன்னொன்று: செடியில் சிபிடி பெரும்பாலும் அமில வடிவில் இருக்கிறது. 110, 120 டிகிரியில் சூடேற்றும்போது கரியமில வாயு பிரிந்து அந்த அமிலத்தின் எடையில் 12 சதவீதம் போகும். 8 கிலோ அமிலம் 7 கிலோ சிபிடி ஆகும். இது தெரியாத அதிகாரி, ஒரு கிலோ காணவில்லை என்று வழக்கு எழுதிவிடுவார்.

இனி தீ. சுத்த எத்தனால் 13 டிகிரியிலேயே பற்றத் தயாராகிவிடும். பாலக்காட்டுச் சித்திரை வெயில் 40 டிகிரி. அதன் ஆவி காற்றைவிட 1.6 மடங்கு கனம், தரையோடு தவழும். கூரையடியில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிவிட்டுத் திருப்தியடைவது வீண். உறிஞ்சும் வாயும் வாயு உணர்கருவியும் தரையிலிருந்து ஒரு அடிக்குள் இருக்க வேண்டும். காற்றில் ஆவி 3.3 சதவீதம் சேர்ந்தால் எரியும். அதில் பத்தில் ஒரு பங்கு சேரும்போதே மணி அடிக்க வேண்டும்; கால் பங்கில் ஹீட்டரும் பம்பும் தானாக நிற்க வேண்டும். இங்கேதான் வயரிங்கில் ஒரு பிழை நடக்கும்: எல்லாவற்றையும் ஒரே டிரிப்பில், அதாவது தானாக நிறுத்தும் ஒரே இணைப்பில், கட்டினால், ஓட வேண்டிய ஃபேனும் சேர்ந்து நின்றுவிடும்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டென்சருக்குப் போகும் குளிர்நீர் நிற்கும். பாத்திரத்தைச் சுற்றியுள்ள நீராவியின் சூடு நிற்காது. குளிராத எத்தனால் ஆவி வென்ட் வழியே வெளியேறும். மின்சாரம் அற்றவுடன் தானே மூடிக்கொள்ளும் நீராவி வால்வும், ஜெனரேட்டரில் ஓடும் குளிர்நீர் பம்பும் இல்லாத ஆலைக்கு உரிமம் தரக் கூடாது.

பிளாஸ்டிக் குடத்தில் எத்தனாலை மாற்றி ஊற்றக் கூடாது; நிலைமின் பொறி ஒன்றே போதும். இரும்பு டிரம், இரண்டு பக்கமும் எர்த் கிளிப். சாதாரண நுரை எத்தனால் தீயில் உடைந்துபோகும், ஆல்கஹால் தாங்கும் நுரை என்று கேட்டு வாங்க வேண்டும். பிழிந்த சக்கையிலும் எத்தனால் தங்கியிருக்கும். அதை மீட்காமல் சாக்கில் கட்டிக் கொட்டகையில் அடுக்குவது பக்கத்து வீட்டுக்கு வைக்கும் உலை.

எத்தனாலுக்குப் பதில் கரியமில வாயுவால் சாறு எடுக்கும் முறையில் தீ பயம் இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் இயந்திரம் 200, 300 பார், அதாவது காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய அத்தனை மடங்கு அழுத்தத்தில் ஓடும். கசிவு மூடிய அறையின் தாழ்வில் தேங்கும். ஆக்சிஜன் மீட்டர் மட்டும் வைப்பவர்கள் ஏமாறுகிறார்கள். காற்றில் 5 சதவீதம் கரியமில வாயு கலந்து ஆளுக்குத் தலை சுற்றும்போதும் ஆக்சிஜன் 19.9-தான் காட்டும், 19.5-க்கு வைத்த மணி அடிக்காது. கரியமில வாயுவுக்குத் தனி மீட்டர் வேண்டும்.

விவசாயி வருமானம்தான் நோக்கம் என்றால், கஞ்சா விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் வழி திறந்திருக்கிறது. சாகுபடிக்கு மாநில அனுமதி வேண்டும் என்றாலும், ஆட்டுவதற்குச் செக்கு போதும், எத்தனால் போன்ற கரைப்பானே தேவையில்லை. விதையில் சிபிடி இல்லை என்றே சொல்லலாம். அதை லேபிளில் மறைத்து விற்காமல் இருந்தால் சரி.

இப்படிக்கு,
சாறு வடிப்பு ஆலைகளில் பணியாற்றும் பொறியாளர்கள் இருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்