வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

கிளை நூலகத்தில் இயங்கும் நமது வட்டம் இவ்வாண்டும் மாதக் கூட்டங்களை வழக்கம்போல் நடத்தியது. மழை காரணமாகக் கார்த்திகைக் கூட்டம் மட்டும் நடைபெறவில்லை. நூல் அறிமுகங்கள், கவியரங்கம் ஆகியவற்றின் விவரங்கள் குறிப்பேட்டில் இருப்பதால், தை மாதம் நடந்த பயண இலக்கியப் பொழிவைப் பற்றியே இங்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

நம்மில் பலர் நெடுங்காலமாக விரும்பிப் படித்துவரும் பயண எழுத்தாளர் ஒருவர் அன்று பேச வந்திருந்தார். தம் பெயரை அடைமொழிகளோடு பதிய வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், பெயரையே விட்டுவிடுவதெனச் செயற்குழு தீர்மானித்தது. பொருளாளருக்கு இதில் உடன்பாடில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

அவருடைய பயணக் கதைகளைக் கேட்கும் ஆவலில்தான் அரங்கு நிறைந்திருந்தது. அவரோ கோட்டையூரில் 1911இல் பிறந்த பயண எழுத்தாளர் ஏ. கே. செட்டியாரைப் பற்றிப் பேசினார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்ற செட்டியாருக்கு, 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் செல்லும்போது, காந்தியடிகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் தோன்றியது. அதற்காக ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம் செய்து, பல நாடுகளில் பலர் எடுத்து வைத்திருந்த காட்சிகளைத் தேடித் திரட்டி, 50,000 அடிப் படச்சுருளிலிருந்து 12,000 அடியைத் தேர்ந்து, 1940 ஆகஸ்டில் தமிழில் படத்தை வெளியிட்டார். இவ்வளவும் செய்தவர் தம் கட்டுரைகளில் தம்மைப் பற்றி எழுதியது மிகக் குறைவு என்பதில்தான் பேச்சாளர் அதிக நேரம் நின்றார். சந்தித்த மனிதர், அவருடைய தொழில், ஊரின் நடைமுறை எனப் பிறரைப் பற்றிய செய்திகளே செட்டியாரின் சிறு வாக்கியங்களில் அடுத்தடுத்து வருகின்றன.

பேச்சாளர் கையோடு கொண்டுவந்திருந்த ‘குமரி மலர்’ இதழ் ஒன்று அவையில் கைமாறியது. 1943இல் தொடங்கித் தம் மறைவு வரை செட்டியார் நடத்திய இதழ் அது. தாள்களைப் பிணைத்த கம்பி துருவேறி நடுத்தாளில் பழுப்புக் கறை படர்ந்திருந்தது. விளிம்பு உதிர்ந்துவிடுமோ என்று ஒவ்வொருவரும் இரு கைகளாலும் ஏந்தி வாங்கினர். தம் பயணங்களோடு நில்லாமல், தமிழ்நாட்டைப் பற்றிப் பிறர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்து 1968இல் நூலாக்கியவர் செட்டியார் என்பதை அன்றுதான் பலர் அறிந்தோம். என் கணிப்பில், சொந்தப் பயணத்தைவிட அந்தத் தேடலுக்கே பொறுமை அதிகம் தேவைப்பட்டிருக்கும்.

வரவேற்புரை, முன்னிலையுரை, வாழ்த்துரை என்று மேடையில் இருந்தோர் எடுத்துக்கொண்ட நேரம் போக, கேள்விகளுக்குக் கிடைத்தது கால் மணி நேரமே. கைப்பேசியில் எல்லாவற்றையும் படம் பிடித்த பின் எழுத என்ன மீதம் இருக்கிறது என்று கல்லூரி மாணவி ஒருவர் கேட்டார். “யாரிடம் வழி கேட்டாய், அவர் அப்போது என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்று எழுதும்மா, அது படத்தில் வராது” என்றார் பேச்சாளர்.

அதன் பின் உறுப்பினர்கள் வாசித்த பயணக் கட்டுரைகளில் நல்ல மாற்றம் தெரிகிறது. உணவகப் பட்டியலும் அறை வாடகையும் குறைந்திருக்கின்றன. ராமேசுவரம் சென்றுவந்த உறுப்பினர் ஒருவர், கோயிலின் 22 தீர்த்தங்களில் நீராடிய புண்ணியத்தை ஒரு வரியில் முடித்துவிட்டு, கிணற்று விளிம்பில் நின்று வாளியால் இறைத்து ஊற்றுபவரின் உள்ளங்கைக் காய்ப்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தார். இந்த ஆண்டின் சிறந்த கட்டுரையாக அதனைச் செயற்குழு பரிந்துரைக்கிறது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். செட்டியாரின் நூல்களில் நம் கிளையில் இல்லாதவற்றை வாங்கித் தருமாறு மாவட்ட நூலக அலுவலருக்கு விண்ணப்பிக்கவும், சிறப்புரை நாட்களில் மேடையுரைகள் அனைத்தையும் பத்து நிமிடத்துக்குள் அடக்கவும் பேரவையின் ஒப்புதலை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்