'வரவில்லை' என்று குறிப்பதற்கு முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் தொலைதூரப் பகுதிகளில் வீடியோ வழியாக நடக்கும் கண் மருத்துவம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விழித்திரையைப் படமெடுக்கும் கேமராவைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. படம் எடுத்த பிறகு அந்த மனிதர் என்ன ஆனார் என்பது பற்றி இரண்டு வரிகூட இல்லை. என் குறை அதுதான்.

நான் பெர்த்தில் ஒரு கண் மருத்துவமனையில் அப்பாயின்ட்மென்ட் போடும் வேலையில் 9 வருஷம் இருந்தவள். மாநிலத்தின் வட கோடியிலுள்ள கிம்பர்லி பகுதியிலிருந்து பூர்வகுடி நோயாளிகளின் பெயர் வரும், குறித்த நாளில் ஆள் வர மாட்டார். பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று குறிப்போம். இரண்டு முறை குறித்தால் பட்டியலிலிருந்தே பெயர் போய்விடும். நானும் நிறையப் பேருக்குக் குறித்திருக்கிறேன், சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு பாட்டியின் பெயரை எடுக்கும் முன் ஏதோ தோன்றி, அவர் ஊர்ச் சுகாதார நிலையத்துக்கு ஃபோன் செய்தேன். நாங்கள் அனுப்பிய கடிதம் ஆங்கிலத்தில். அவர் பேசுவது வேறு மொழி. கடிதம் போன நேரம் அவர் இன்னொரு ஊரில் மகள் வீட்டில் இருந்தார். நாங்கள் குறித்த வாரம் குடும்பத்தில் சாவு. கிம்பர்லியிலுள்ள ப்ரூம் நகரிலிருந்து பெர்த்துக்குச் சாலை வழியே 2,200 கிலோமீட்டருக்கு மேல். பார்வை மங்கியவர் தனியாக விமானம் ஏறி வந்து, பரிசோதனை முடிந்து திரும்பிப் போய், அறுவை சிகிச்சைக்கு மறுபடி வர வேண்டும். நானாக இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.

கண் மருத்துவப் பேராசிரியர் ஹியூ டெய்லர் தலைமையில் 2008-ல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், பூர்வகுடிக் குழந்தைகளின் பார்வை மற்றக் குழந்தைகளைவிட நன்றாகவே இருந்தது. பெரியவர்களிடம் எல்லாம் தலைகீழ். பார்வையிழப்பு மற்றவர்களைவிட 6 மடங்கு, கண்புரையால் வரும் பார்வையிழப்பு 12 மடங்கு. சர்க்கரை நோயுள்ளவர்களில் அதற்கு முந்தைய ஓராண்டில் கண்ணைக் காட்டியவர்கள் 20 சதவீதம்தான். இத்தனைக்கும், பார்வைக் குறைவில் 94 சதவீதம் தடுக்கவோ சரிசெய்யவோ கூடியது. நோயாளி சிகிச்சைக்கு வந்துசேரும் வழியை டெய்லர் குழு ஓட்டைக் குழாய் என்றது. ஓர் ஓட்டையை மட்டும் அடைத்தால் தண்ணீர் அடுத்த ஓட்டையில் ஒழுகும். அதனால்தான் 2012-ல் அவர்கள் தந்த திட்டத்தில் 42 பரிந்துரைகள்.

வீடியோ வழி மருத்துவம் ஒரு பெரிய ஓட்டையை அடைக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஊரிலேயே ஆப்டோமெட்ரிஸ்ட் (பார்வையைச் சோதித்துக் கண்ணாடி எழுதித் தருபவர்) நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பெர்த்திலிருக்கும் மருத்துவர் திரையில் பேசிப் படங்களைப் பார்த்து, அப்போதே அறுவைக்கு நாள் குறித்துவிடலாம். ஒரு பயணம் மிச்சம். இப்படி ஆப்டோமெட்ரிஸ்ட் பக்கத்தில் இருப்பதற்கு 2015 முதல் அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் பணம் தருகிறது. சர்க்கரை நோயாளிகளின் விழித்திரைப் படத்துக்கும் 2016-ல் வழி பிறந்தது.

சரி, குறித்த நாளை அந்தப் பாட்டிக்கு அவர் மொழியில் சொல்வது யார்? அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று தேடிப் போவது யார்? எனக்குத் தெரிந்து, ஃபோனை எடுத்த அந்தச் சுகாதாரப் பணியாளர்தான். அந்த ஊர்ப் பூர்வகுடிப் பெண். காது, சிறுநீரகம், தடுப்பூசி என்று பத்து வேலைக்கு நடுவே கண்ணையும் அவரே பார்த்தார். (கண் மருத்துவரிலேயே பூர்வகுடி ஒருவர் வர 2018 ஆகிவிட்டது. கிரிஸ் ரல்லா-பேக்கர்தான் முதல் ஆள்.) கண்ணுக்கென்றே நிரந்தரச் சம்பளத்தில் ஊருக்கு ஒருவர், ஓட்ட ஒரு வண்டி. கேமரா கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது இதைத்தான் என்பது என் கட்சி.

பாட்டிக்கு அடுத்த முறை மருத்துவக் குழு ப்ரூமுக்கு வந்தபோது புரை எடுத்தார்கள். அந்தப் பெண்தான் மகள் வீட்டிலிருந்து வண்டியில் கூட்டிவந்தார். உங்கள் கட்டுரையாளர் மறுபடி அந்தப் பக்கம் போனால், அப்படி ஒருவரோடு ஒரு நாள் சுற்றிவிட்டு வந்து எழுதட்டும்.

- ஒரு வாசகி, பெர்த்