கவினுக்குப் பக்கத்தில் ஓர் ஆள்

அன்பு மகள் கலாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். குறுவை நடவு நடக்கிறது. போனில் பேசினால் நீ அழுதுவிடுகிறாய், நானும் சொல்ல வந்ததைச் சொல்லாமல் வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் உன் பிள்ளை கவினைத் திண்ணையில் உட்காரவைத்து 'கொக்கு' எழுதச் சொன்னேன். ஒற்றைக்கொம்பு போட்டான், ககரம் போட்டான், துணைக்காலை விட்டுவிட்டான். 'கெக்கு' என்று நின்றது. விரல் வைத்துக் காட்டியதும் திருத்தினான். அடுத்து 'பொட்டு' சொன்னேன், மறுபடியும் கால் இல்லை. இதே பிள்ளைதான் காலையில் வரப்பில் நின்றுகொண்டு, இந்தத் துண்டுக்கு இன்னும் எத்தனை முடி நாற்று வேண்டும் என்று நடவு ஆட்களுக்கு முன்னால் கணக்குச் சொன்னான். எண்ணிப் பார்த்தோம், சரியாக இருந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஒரு டீச்சர் இரண்டு வகுப்பைப் பார்க்கிறார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வாரத்தில் ஒருநாள் வருகிறார். அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வியை வாசித்துக் காட்டினால் கவின் பக்கம் முழுக்க எழுதி முடிக்கிறான். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். மற்ற நாலு நாளும் தேதி மட்டும்தான் இருக்கிறது. அந்த நாலு நாளுக்கும் வகுப்பிலேயே துணைக்கு ஓர் ஆள் வேண்டும். நாம் கேட்கவேண்டியது அதைத்தான்.

வேறு பள்ளிக்கூடம் மாற்றலாம் என்றாயே, வேண்டாம்மா. அவன் சேக்காளிகள் எல்லாம் இங்கேதான் இருக்கிறார்கள். 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், புத்தி இருந்தும் எழுத்தும் வாசிப்பும் பிடிபடாத இந்தக் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. அதைச் சீக்கிரமே கண்டுபிடிக்கவேண்டும், பிள்ளைக்குத் தக்க உதவியைத் தரவேண்டும் என்று 16ஆம் பிரிவு சொல்கிறது. தொடக்கப்பள்ளியில் இப்படிப்பட்ட பத்துப் பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியாயிற்று. நாம் யாரிடமும் சலுகை கேட்டுப் போகவில்லை.

கற்றல் குறைபாடு என்று சான்றிதழ் வாங்கினால் பிள்ளைமேல் முத்திரை விழுந்துவிடும் என்று பயப்படுகிறாய். மக்கு என்கிற முத்திரை வகுப்பில் ஏற்கெனவே விழுந்துவிட்டது கலா. என்னிடம் அவனே சொன்னான். சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கூடுதல் நேரம் கிடைக்கும், சொல்வதை எழுத ஆள் கிடைக்கும்.

உன் அண்ணனுக்கும் இதுதான் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. புளியம்விளாரால் அடித்தேன். ஒன்பதாவதோடு நின்றுவிட்டான். இன்றைக்கு டிராக்டர் எஞ்சினைப் பிரித்துப் போட்டு மாட்டுகிறான். மருந்துச் சீட்டை மட்டும் பேசாமல் என்னிடம் நீட்டுகிறான். அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

மனு எழுதி வைத்திருக்கிறேன். வாய்வார்த்தையாகக் கேட்டால் காற்றோடு போய்விடும். முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவில் கொடுத்து ஒப்புகை வாங்குவோம். நடக்காவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாளுக்குப் போவோம். தாய் என்ற இடத்தில் உன் கையெழுத்து வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிவிடு. பிள்ளைக்கு எட்டு வயசு முடிந்துவிட்டது, அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கும் கேட்டுவிடலாம். அவனுடைய பிறப்புச் சான்றிதழ் உன் பெட்டியில்தான் இருக்கிறது, மறக்காமல் எடுத்து வா.

கீழே 'அம்மா வா' என்று எழுதியிருப்பது கவின். இரண்டு காலையும் அவனே போட்டான், நான் கை வைக்கவில்லை.

அப்பா